சி. எம். நியூட்டன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிய கட்டுரையில் சி. எம். நியூட்டனைச் சிறந்த பயிற்சியாளர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்டவர் 1989இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியை விட்டுவிட்டு, கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநராகப் போனது இழப்பு என்றே எனக்குப் படுகிறது. கோப்புகளுக்கும் கூட்டங்களுக்கும் நடுவே ஒரு பயிற்சியாளருக்கு என்ன வேலை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நியூட்டன் விஷயத்தில் அதை என்னால் ஏற்க முடியவில்லை. தகுந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதும், தேர்ந்தெடுத்தபின் அவருக்கு அவகாசம் கொடுத்துத் துணை நிற்பதும்தான் அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை.

அந்த அவகாசத்தின் அருமையை அவர் தாமே அனுபவித்து அறிந்தவர். 1968இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது முதல் பருவத்தில் அவருடைய அணி 4 ஆட்டங்களில் வென்று 20இல் தோற்றது. அவரை அமர்த்திய பால் ‘பேர்’ பிரையன்ட், அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளராகவும் விளையாட்டு இயக்குநராகவும் ஒருங்கே இருந்தவர். தோல்வியைக் காரணம் காட்டி நியூட்டனை அவர் அனுப்பிவிடவில்லை. 1969இல் வெண்டல் ஹட்சனை நியூட்டன் அணிக்குக் கொண்டுவந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த விளையாட்டிலும் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின வீரர் அவரே. கறுப்பின மாணவர்களைத் தடுக்க ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அதே பல்கலைக்கழகத்தின் வாசலில் வந்து நின்று அப்போது 6 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

கென்டக்கிக்கு அவர் வந்த நேரத்தில், ஒரு வீரரின் தந்தைக்கு அனுப்பிய கூரியர் உறையில் விதிக்கு மாறாக 1,000 டாலர் இருந்ததாக எழுந்த புகாரால் அணியின் பெயர் கெட்டிருந்தது. தேசியப் போட்டியில் 2 ஆண்டுகள் ஆட முடியாதபடி தடையும் வந்து சேர்ந்தது. நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து பயிற்சியாளர் ரிக் பிட்டினோவை அவர் அழைத்துவந்தார். முதல் பருவத்தில் 14 வெற்றி, 14 தோல்வி. 1996இல் தேசியப் பட்டம். மறு ஆண்டு பிட்டினோ விலகியதும் நியூட்டன் டப்பி ஸ்மித்தை நியமித்தார். கென்டக்கியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளரானது அதுவே முதல்முறை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியூட்டன் 1951இல் இதே கென்டக்கியில், பயிற்சியாளர் அடால்ஃப் ரப்பின் சாம்பியன் அணியில் ஆடியவர். அதே ரப்பின் அணிக்காக 1970–71 பருவம் தொடங்கும்வரை ஒரு கறுப்பின வீரர்கூட ஆடியதில்லை. தன் ஆசான் நெடுங்காலம் திறக்காத கதவை மாணவர் திறந்தார், அதுவும் இயக்குநரின் நாற்காலியில் இருந்துகொண்டு. ஸ்மித் முதல் பருவத்திலேயே, 1998இல், பட்டம் வென்றார்.

கோப்புகளுக்கு நடுவே என்ன வேலை என்று கேட்டீர்கள். தடைக்காலத்தில் வேறு கல்லூரிக்குப் போயிருக்கக்கூடிய நான்கு வீரர்கள் கென்டக்கியிலேயே தங்கி, கடைசியாக ஆடிய 1992 பருவத்தில், ஃபிலடெல்ஃபியாவில் டியூக் அணியிடம் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் 103–104 என்று தோற்றுத் திரும்பினார்கள். பட்டம் ஏதும் அவர்கள் கையில் இல்லை. சில நாட்கள் கழித்து கென்டக்கி அணியின் ஆட்ட அரங்கமான ரப் அரீனாவில் நடந்த நிகழ்ச்சியில், அவர்களுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவைத்திருந்த நியூட்டன், மேலே பார்க்கச் சொன்னார். கூரையில், அந்தக் கல்லூரியின் மாபெரும் ஆட்டக்காரர்களின் சட்டைகளோடு, அந்த நால்வரின் சட்டைகளும் தொங்கிக்கொண்டிருந்தன.