கல்யாண கேசட்டைக் கடைசியில் போடுங்கள்

கேள்வி: 1992-இல் நடந்த எங்கள் கல்யாணம் விஎச்எஸ் கேசட்டில் இருக்கிறது. மறைந்த என் அப்பா பேசுகிற காட்சி அதில் மட்டும்தான். பரணிலிருந்து கேசட் ஓட்டும் டெக்கை (விசிஆர்) இறக்கி, முதலில் ஒரு சினிமா கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். சில விநாடி ஓடி நின்றுவிட்டது. வெளியே எடுத்தால் டேப் சுருள்சுருளாகத் தொங்குகிறது. சரிசெய்ய முடியுமா?
- ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: முடியும் அம்மா. கல்யாண கேசட்டை முதலில் போடாமல் விட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

எனக்குச் சந்தேகம் ஐட்லர் ரப்பர் மேல்தான். டேப்பில் உள்ள படத்தைப் படிக்கும் உருளையான ஹெட் டிரம்மைச் சுற்றி ஓடிவரும் டேப்பை வலப்பக்கச் சக்கரம் இழுத்துச் சுற்றிக்கொள்ள வேண்டும். பல டெக்குகளில் அந்தச் சக்கரத்தை உருட்டுவது ஐட்லர் என்ற சிறு சக்கரத்தில் மாட்டிய ஒரு சின்ன ரப்பர் வளையம். வருடக்கணக்கில் கிடந்தால் அது இறுகிப் பளபளவென்று ஆகிவிடும், பிடிக்காது. சக்கரம் சுழலாததைச் சென்சார் கண்டுகொண்டதும் டெக் நின்றுவிடும். அதற்குள் வெளியே வந்த டேப்தான் நீங்கள் பார்த்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் தற்காலிகமாக ஓடும். புது வளையம் போடுவதுதான் சரி. பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள், பழையது நீண்டுபோயிருக்கும், அதே அளவு கேட்டு வாங்காதீர்கள், கொஞ்சம் சின்னதாகப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை பக்கம் கை வைக்க வேண்டாம், கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

ஹெட்டைத் துடைக்கும்போது மிகவும் கவனம். 62 மில்லிமீட்டர் டிரம், நொடிக்கு 25 சுற்று சுற்றும். அதன் விளிம்பில் எள்ளைவிடச் சிறியதாக நீட்டிக்கொண்டிருப்பதுதான் ஹெட் முனை. தொழில் பழகிய நாளில் காது குடையும் பஞ்சுக்குச்சியால் மேலும் கீழுமாகத் தேய்த்து ஒரு வீட்டுக்காரரின் ஹெட்டை உடைத்துவிட்டேன். இன்றும் அது மனதில் உறுத்துகிறது. வெள்ளைத் தாளை ஆல்கஹாலில் நனைத்து டிரம்மில் அசையாமல் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மட்டும் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தாளில் கருப்பாக அழுக்கு இறங்கும்.

அப்புறம், கல்யாண கேசட்டின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. டெக்கில் போடாமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால், சினிமா கேசட் முழுதாக ஓடிய பிறகு அதைப் போடுங்கள். முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவாகும்படி வயரை முன்பே மாட்டி வையுங்கள்.