டிஜே மிக்ஸ் செய்யும்போது பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகம்) சரியாகப் பொருத்தியும் இரண்டு பாட்டு ஒட்டாதது ஏன்?

வேகம் சரி, புதுப் பாட்டை விடும் இடம்தான் தப்பு. ஹவுஸ் என்ற நடன இசையில் கிக் டிரம்மின் ஒவ்வொரு ‘தும்’மும் ஒரு பீட், நான்கு பீட் ஒரு பார். பாட்டு பெரும்பாலும் 8 அல்லது 16 பாருக்கு ஒருமுறை மாறும்: பேஸ் (கனத்த அடி ஒலி) நுழையும், ஹைஹாட் (டிரம்ஸின் ஜோடித் தட்டு) சேரும், இல்லையென்றால் எல்லாம் ஓயும். 128 பிபிஎம்மில் 8 பார் என்றால் 32 பீட், சரியாக 15 நொடி. ஓடும் பாட்டில் அந்த மாற்றம் விழும் முதல் பீட்டில்தான் புதுப் பாட்டைத் தொடங்க வேண்டும். நடுவில் விட்டால், பீட் ஒத்துப்போனாலும் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவது போலிருக்கும். எண்ணும்போது ‘1-2-3-4, 2-2-3-4, 3-2-3-4’ என்று பார் எண்ணை முதலில் வையுங்கள். முதல் வாரம் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. அப்புறம் பேருந்தில் பாட்டு கேட்டாலும் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது.