போர்டு ஸ்கூலின் சேர்க்கைப் பதிவேடு

பள்ளியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பு எப்படி இருந்தது, அதனால் பள்ளியின் வரலாற்றைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். சந்திப்பு நன்றாகவே நடந்தது. ஆனால் நான் தெரிந்துகொண்டதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முந்தைய மூன்று வாரங்களில்தான். விழா மலருக்குப் 'பள்ளி வரலாறு' எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.

எங்கள் பள்ளி சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. நான் 1981 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, 1986-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். ஊரில் வயதானவர்கள் அதை இன்றும் 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொல்வார்கள். சிறுவயதில் அது ஏதோ பெயர்ப்பலகை சம்பந்தப்பட்டது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது ஜில்லா போர்டு என்ற மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்பு நடத்திய பள்ளி. ஜில்லா போர்டுகள் கலைந்த பிறகு, 1970-இல்தான் அவற்றின் உயர்நிலைப் பள்ளிகள் அரசுப் பள்ளிகள் ஆயின. தலைமையாசிரியர் அறையின் பழைய மர பீரோ ஒன்றில் 'ஜி. போ. உ. பள்ளி' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருப்பது இன்னும் அழியவில்லை.

மலர்க் குழுவினர் என்னிடம் எதிர்பார்த்தது கட்டடம் திறந்த நாள், திறந்து வைத்தவர், தலைமையாசிரியர்களின் வரிசை, சாதனை படைத்த மாணவர்கள் என்ற வழக்கமான இரண்டு பக்கங்களைத்தான். கல்வெட்டைப் பார்த்து அரை மணி நேரத்தில் அதை எழுதியிருக்கலாம். தேதி ஒன்றைச் சரிபார்ப்பதற்காகச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டபோது, அதைத் தம் அறையிலேயே வைத்துப் பார்க்கத் தலைமையாசிரியர் அனுமதித்தார். துணி அட்டை போட்டு, முதுகில் நூல் பிரிந்து கிடந்த பெரிய புத்தகங்கள் அவை. சாதிக்கென்றிருந்த கட்டத்தின் மேல் ஒரு அடிக்குச்சியை வைத்து மறைத்துக்கொண்டு மற்றவற்றைப் படித்தேன். ஊர்க்காரன் கண்ணில் படவேண்டிய செய்தி அதுவல்ல என்று தோன்றியது.

முதலில் கவனத்தில் பட்டவை முத்திரைகள். நாங்கள் சேர்ந்த ஆண்டின் பக்கங்களில் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கிறது. 1985-க்குப் பிறகு காமராஜர் மாவட்டம். 1997-க்குப் பிறகு விருதுநகர் மாவட்டம். பள்ளி ஓரடி கூட நகராமல் மூன்று மாவட்டங்களில் இருந்திருக்கிறது. அடுத்தது பிறந்த தேதிகள். பக்கம் பக்கமாக மே மாதமும் ஜூன் மாதமுமே வருகின்றன. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டதென்று தொடக்கப் பள்ளி வாத்தியார் எழுதிக்கொண்ட தேதிகள் அவை. எனக்கும் ஜூன் முதல் தேதிதான். அம்மா சொல்லும் கணக்குப்படி நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தவன்.

பழைய பக்கங்களில் பள்ளியை முடித்தவர்கள் பதினோராம் வகுப்போடு போயிருக்கிறார்கள். 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கிவிட்டதால், எங்களுக்குச் சில ஆண்டுகள் மூத்த அண்ணன்மார் 'பழைய பதினொன்று' என்று இன்றும் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள்.

என்னை உட்கார வைத்தது கடைசிக் கட்டம்தான். பள்ளியை விட்டு நீங்கிய தேதி, அதற்குப் பக்கத்தில் காரணம். 'படிப்பு முடித்து' என்று எழுதப்பட்டவர்கள் சிலர். 'நீண்ட நாள் வருகையின்மை' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டவர்கள் பலர். அந்தச் சிவப்பு வரிகளுக்குப் பின்னால் இருந்தது என்ன என்று எங்கள் பகுதிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் ஆரன் அடித்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ் வேன் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறிக்கொள்வார்கள். தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, எங்களுக்கு அது ஆபீஸ்தான். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள்தான் வசதி என்பார்கள். மழை பொய்த்த ஆண்டில் அந்தக் கூலி வீட்டுக்கு வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் தொடங்கிவைத்த எட்டயபுரம் எங்களுக்கு வெகுதூரமில்லை. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982-இல் கொண்டுவந்தபோது அது சிறு பிள்ளைகளுக்கு மட்டும் இருந்தது. 1984-இல் பதினைந்து வயது வரை விரிவாக்கியபோது நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். சோறு வந்தது உண்மை, ஆனால் ஆறாம் வகுப்பில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அதற்குள் போய்விட்டார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது நாங்கள் பள்ளியை முடித்த 1986-இல். சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-இல். அந்தத் தீர்ப்பு வெளிவந்தபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

இப்போது சந்திப்புக்கு வருகிறேன். அழைப்பிதழ் யார் யாருக்குப் போயிற்று என்று பார்த்தால், ஒவ்வோர் ஆண்டின் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பட்டியலை வைத்துக்கொண்டு குழுவினர் கூப்பிட்டிருந்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கையில் கிடைத்த பட்டியல் அதுதான். ஆனால் சிவப்பு மையில் முடிந்தவர்கள் எல்லாரும் அதில் விடுபட்டுப்போனார்கள். நான் எடுத்துச் சொன்னபோது நாள் குறைவாக இருந்ததால், கிடைத்தவர்களுக்கு வாய்வழியாகச் சொல்லிவிட்டோம். பெண்களைத் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கட்டிக்கொடுத்த ஊரும் தெரியாது. அப்பா பெயரின் முதலெழுத்து போய்க் கணவர் பெயரின் முதலெழுத்து வந்திருக்கும். பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

விழா அன்று காலையில் பந்தலுக்கு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். சாமியானா வாடகைக்கு விடும் கடை அவருடையது. ஏழாம் வகுப்பில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மை. அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் ஜூலையிலேயே வராமல் நின்றுவிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்க, நீக்கிய தேதி அடுத்த மார்ச்சில் இருந்தது. கேட்டேன். நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சார் மூணு தடவ வீட்டுக்கு வந்தாரு. அய்யாகிட்ட, 'பேரு அடிக்காம வச்சிருக்கேன், எப்ப வேணாலும் அனுப்புங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. நாந்தான் போகல."

அந்த எட்டு மாதமும் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஆப்சென்ட் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை அவர் அந்தக் கணக்குக்காக வெயிலில் மூன்று முறை நடக்கிற மனிதர் அல்லர். மற்றச் சிவப்பு வரிகளையும் அப்படிப் பார்த்தேன்: அந்த ஆசிரியர் இருந்த ஆண்டுகளில் நீக்கங்கள் பெரும்பாலும் மார்ச்சிலேயே விழுந்திருக்கின்றன. கல்வெட்டில் அவர் பெயர் இல்லை, ஏனெனில் அவர் தலைமையாசிரியராக ஆகவே இல்லை. மலரில் எனக்கு ஒதுக்கிய இரண்டு பக்கங்களில் ஒன்றரைப் பக்கத்தை இதற்குக் கொடுத்தேன்; அதில் மாணவர் பெயர் எதையும் போடவில்லை. தலைமையாசிரியர்களின் வரிசையைப் பின்னட்டைக்குத் தள்ளியதில் சிலருக்கு வருத்தம்.

மேடைப் பேச்சுகள் நீண்டன; அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டோடு சாத்தூர் சேவு பொட்டலம் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எங்கள் ஆண்டு மாணவர்களைப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது அந்தச் சாமியானாக் கடைக்காரரையும் கையைப் பிடித்து இழுத்தேன். "நான் எங்கப்பா பத்தாவது முடிச்சேன்?" என்று தயங்கினார். "சேர்க்கை எண் இருக்குல்ல, வா" என்றேன். துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார். படம் எடுத்து முடிந்ததும் நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் நாற்காலிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார், இரண்டு குறைந்தன.