50 எம்எம் லென்சும் பத்தடி அறையும்

குறும்படத்தை ஜப்பானிய இயக்குநர் ஓசு பாணியில் எடுக்க ஆசை, ஆனால் அவர் மாதிரியே கேமராவைத் தரையோடு இறக்கி 50 எம்எம் லென்ஸ் மாட்டினால் பத்தடி அறையில் பாட்டியின் முகம் மட்டுமே தெரிகிறது என்கிறீர்கள். கேமராவுக்குள் படம் பதியும் சில்லு சின்னதாக (கிராப் சென்சார்) இருப்பதால்தான் இப்படி என்று உடனே அதைத் திட்டாதீர்கள். ஓசுவின் 35 எம்எம் ஃபிலிமில் ஒரு ஃப்ரேமின் அகலமும் ஏறக்குறைய உங்கள் சென்சார் அளவுதான். அவருக்கும் இதே கோணம்தான் கிடைத்தது. ஆனால் அவர் வீட்டுக் காட்சிகளை ஸ்டூடியோ செட்டில் எடுத்தவர், பின்னால் தள்ளிப்போக இடம் இருந்தது. உங்களுக்குச் சுவர் முட்டுகிறது, அவ்வளவுதான்.

கேமராவை அடுத்த அறைக்குக் கொண்டுபோய் கதவு வழியாக எடுங்கள். நிலைச்சட்டம் ஃப்ரேமின் ஓரத்தில் வந்தால் வரட்டும். ஓசுவே அப்படி நிறைய எடுத்திருக்கிறார். அதுவும் முடியாதா, சரி, இன்னும் அகலமாகக் காட்டும் 35 எம்எம் லென்ஸை மாட்டுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அப்புறம் வெளிச்சத்துக்குப் பாலு மகேந்திரா பக்கம் வாருங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, காலை ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டியை உட்கார வைத்து ஒரு ஷாட் எடுத்துப் பாருங்கள்.

ஓசு மாதிரி 180 டிகிரி கோட்டை, அதாவது பேசும் இருவரை இணைக்கும் கற்பனைக் கோட்டை, கேமரா தாண்டுவதை மட்டும் இப்போதைக்கு விடுங்கள். என் முதல் படத்தில் தாண்டிவிட்டு, எடிட்டிங்கில் இரண்டு நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.