போட்டி அணிகளின் ரசிகர்கள் உண்மையான நண்பர்களாக இருக்க முடியுமா?

முடியும், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரமே அதற்குச் சான்று. 1892இல் ஆன்ஃபீல்டு மைதான வாடகைத் தகராறில் அந்நகரின் எவர்ட்டன் கால்பந்துக் கழகம் அங்கிருந்து வெளியேறியதால்தான் லிவர்பூல் கழகம் பிறந்தது என்பதால், இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப் போன்றவை. ஒரே வீட்டில் அண்ணன் எவர்ட்டனின் நீலச் சட்டையும் தம்பி லிவர்பூலின் சிவப்புச் சட்டையும் அணிவது அங்கு புதிதல்ல. ஆட்ட நாளில் வசைகளும் பறக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் பலரின் உயிர் பறிபோனபோது (பின்னாளில் இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 97 பேர்), அந்தத் துக்கத்தை எவர்ட்டன் ரசிகர்களும் தங்கள் வீட்டுத் துக்கமாகவே சுமந்தார்கள். அன்று இரு அணிகளின் மைதானங்களுக்கும் இடையிலிருந்த ஸ்டான்லி பூங்காவின் குறுக்கே, சிவப்பும் நீலமுமான கழுத்துத் துண்டுகள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டு, நீண்ட சங்கிலியாக நீண்டன. அந்த முடிச்சுகளை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனத்துவிடுகிறது. அடுத்த மாதமே லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் இரு அணிகளும் மோதின. லிவர்பூல் 3-2 என்று வென்றது.