ராணியைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள்: புதிய தேனீ வளர்ப்பாளர்களின் கேள்விகள்

இம்முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ராணித் தேனீயைப் பற்றியவை. கீழே வரும் நாள் கணக்கெல்லாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு உரியவை. கொட்டாத சிறிய கொசுத்தேனீக்கு இவை பொருந்தா.

மூன்று முறை பெட்டியைத் திறந்தும் ராணி கண்ணில் படவில்லை. செத்துப்போயிருக்குமா? (ஈசூன்)

ராணி கண்ணில் படாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடுக்குத் தேனீயின் ராணி கருமையானது, கூச்சம் மிகுந்தது. வெளிச்சம் பட்டதும் அடையின் மறுபக்கம் ஓடிவிடும். நீங்கள் தேட வேண்டியது முட்டையை.

வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, அடை கட்டியிருக்கும் மரச் சட்டத்தைப் பெட்டிக்கு நேர் மேலேயே பிடியுங்கள். ராணி தவறி விழுந்தாலும் பெட்டிக்குள்தான் விழும். அறையின் அடிப்பகுதியில் அரிசி நொய்யைவிட மெலிதாக வெள்ளைக் கோடு போல் தெரிவது முட்டை. இட்ட அன்று செங்குத்தாக நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். அதனால் நிற்கும் முட்டை ஒன்றைப் பார்த்தாலே போதும், அதை இட்ட தேனீ இன்றோ நேற்றோ அங்கே இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சட்டத்தைப் படுக்கைவாட்டில் சாய்க்க வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் புது அடை இளகியிருக்கும், சாய்த்தால் கழன்று விழும். மறுபக்கம் பார்க்க வேண்டுமானால் சட்டத்தை நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுழற்றுங்கள்.

முட்டையும் இல்லை, இளம் புழுவும் இல்லை என்றால் ஒரு சோதனை உண்டு. வேறு நல்ல கூட்டிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டம் ஒன்றை வாங்கி நடுவில் வையுங்கள். ராணி இல்லாத கூடு இரண்டு மூன்று நாளில் அதில் ராணி அறை, அதாவது புது ராணியை வளர்க்கும் பெரிய அறை, கட்டத் தொடங்கும். கட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ ஒரு ராணி இருக்கிறது, பெரும்பாலும் இன்னும் இணை சேராத இளம் ராணி.

அடையின் நடுவில் நான்கு ராணி அறைகள். கூடு பிரியப் போகிறது என்று நினைத்து நறுக்கிவிடலாமா? (பொங்கோல்)

முட்டை இருப்பதை உறுதி செய்யாமல் கத்தியை எடுக்கவே வேண்டாம். கூடு பிரிவதற்கான ராணி அறைகள் வழக்கமாக அடையின் கீழ் விளிம்பில் தொங்கும். நடுவில், வேலைக்காரத் தேனீயின் அறையை அகலமாக்கிக் கட்டியவை அவசர அறைகள். அதாவது ராணி போய்விட்டது. அவற்றை நறுக்கினால், மாற்று ராணியாக வளர்க்கும் வயதில் வேறு புழு இருக்காது. கூடு அத்துடன் முடிந்தது.

ராணி இறந்த நாளிலிருந்து புது ராணி வெளிவர ஏறக்குறைய 12 நாள், பறந்துபோய் இணை சேர மேலும் ஒரு வாரம், முட்டையிடத் தொடங்கச் சில நாள். மொத்தம் மூன்றரை, நான்கு வாரம் ஆகும். டிசம்பர், ஜனவரி அடைமழையில் இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் மழையில் ராணி பறக்காது. இந்த நாட்களில் பெட்டியை ஓரடிகூட நகர்த்தாதீர்கள். திரும்பி வரும் ராணி வழி தவறினால் மீட்க முடியாது.

மூடிய சில அறைகளின் உச்சியில் ஊசி குத்தியதுபோல் துளை. நோயா? ஒரே அறையில் மூன்று முட்டையும் கண்டேன். (தெம்பனிஸ்)

துளை நோயல்ல. அடுக்குத் தேனீயின் ஆண் தேனீ அறை மூடி அப்படித்தான் இருக்கும். மெழுகு உதிர்ந்ததும் உள்ளிருக்கும் கெட்டியான கூம்பும் அதன் நடுத்துளையும் தெரியும். அடையின் ஓரத்தில் மட்டும் இருந்தால் கவலையே இல்லை. வேலைக்காரத் தேனீயின் சிறிய அறைகளில் ஆங்காங்கே மேடு தட்டியிருந்தால்தான் கோளாறு.

அப்படி மேடு தட்டியிருந்தால், யார் இடுகிறது என்பதை முட்டை சொல்லும். அறைக்கு ஒன்றாக, அடியின் நடுவில் இருந்தால் ராணி இருக்கிறது. ஆனால் இணை சேராமல் போனது, அல்லது விந்து தீர்ந்த கிழ ராணி. இரண்டு மூன்றாக, சுவரில் ஒட்டியிருந்தால் வேலைக்காரத் தேனீக்களே இடுகின்றன. அவற்றின் வயிறு குட்டை, அறையின் அடியைத் தொடாது. ஒரு விலக்கு: புதிதாக இடத் தொடங்கிய இளம் ராணியும் முதல் சில நாள் இரட்டை முட்டை இடும். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

உங்கள் கூட்டில் மேடு தட்டிய அறைகளும் இருந்தால், நேரே புது ராணியை விட வேண்டாம், கொன்றுவிடும். மூன்று சட்டத்துக்கும் குறைவாகத் தேனீ இருந்தால் வலுவான கூட்டுடன் சேர்ப்பதே நல்லது. அந்தக் கூட்டின் ராணியை இரண்டு மூன்று நாள் கூண்டில் அடையுங்கள். இருட்டியதும் அந்த வலுவான கூட்டின் சட்டங்களுக்கு மேல் செய்தித்தாள் ஒன்றை விரித்து, ஊசியால் சில துளை போட்டு, உங்கள் பெட்டியை மேலே வையுங்கள். தாளைக் கடித்துக் கடப்பதற்குள் வாசனை கலந்துவிடும். தேனீக்களைத் தரையில் உதறிவிடும் முறையைச் சமூகத் தோட்டத்தில் செய்யாதீர்கள். பக்கத்துப் பாத்தியில் பிள்ளைகள் நிற்பார்கள்.

கொசு மருந்துப் புகை அடித்த வாரத்திலிருந்து முட்டை குறைந்துவிட்டது. ராணியை மாற்றவா? (சுவா சூ காங்)

வேண்டாம். புகையில் செத்தவை பெரும்பாலும் வெளியே பறந்த தேனீக்கள். மகரந்தம் வருவது குறைந்தால் ராணிக்கு ஊட்டமும் குறையும், முட்டையும் குறையும். வாசலைச் சிறிதாக்கி, 1 கிலோ சீனிக்கு 1 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் கரைத்து, மாலையில் 200 மில்லி உள்ளே வையுங்கள். மூழ்காமலிருக்கச் சில குச்சிகள் போடுங்கள், மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அறிவிப்பைக் கண்டதும் முந்தின இரவே வாசலைக் கம்பி வலையால் மூடுங்கள். காற்றோட்டம் மட்டும் தடைபடக் கூடாது.

ராணி கண்ணெதிரே நடக்கிறது, முட்டை ஒன்றுகூட இல்லை. தேனும் குறைவு. பெட்டிக் காலில் எறும்பு. (கிராஞ்சி)

இதுதான் இந்த வாரக் கடிதங்களில் மிக அவசரமானது. கூட்டை விட்டு ஓடத் தயாராகும் தேனீக்கள் முதலில் புழு வளர்ப்பை நிறுத்தும். இன்றே சர்க்கரைப் பாகு கொடுங்கள். பெட்டிக் கால்களின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; கொசு முட்டையிடும், அபராதமும் வரும். சமையல் எண்ணெய் ஊற்றி, மழை நீர் விழாதபடி மேலே மூடி வையுங்கள். காலில் உரசும் புல்லையும் வெட்டுங்கள், எறும்புக்கு அதுவே பாலம்.

வாசலில் ராணி நீக்கித் தகட்டை, அதாவது வேலைக்காரத் தேனீ மட்டும் புகும் துளையுள்ள தகட்டை, மூன்று நான்கு நாள் பொருத்தலாம். இது முட்டையிட்டுப் பழகிய ராணிக்கு மட்டும். இளம் ராணியாக இருந்தால் இணை சேரப் போக முடியாமல் அடைபடும். தகட்டை எடுக்கும் முன் திறந்த புழு உள்ள சட்டம் ஒன்றை இரவல் வாங்கி வையுங்கள். ஊட்ட வேண்டிய புழு இருக்கும் கூட்டை அவை எளிதில் விட்டுப் போவதில்லை.