தானே பெருகும் எம்ஆர்என்ஏ தடுப்பூசி: பக்கத்தில் இருப்பவருக்கும் பரவுமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 70. தானே பெருகும் வகை எம்ஆர்என்ஏ கொரோனா தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். ஊசி மருந்து உடம்புக்குள் பெருகி, மூச்சு வழியாக மற்றவருக்கும் வரும் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். 8 மாதக் குழந்தையை அவரிடமிருந்து பிரித்து வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். குழந்தை தாராளமாகப் பாட்டி மடியில் இருக்கட்டும்.

பெருகுவது ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்யச் சொல்லும் குறிப்பு; வைரஸ் அல்ல. ஆல்பா வைரஸ்களிலிருந்து (இவை கொரோனா அல்ல, வேறொரு வைரஸ் வகை) நகலெடுக்கும் நொதிக்கான மரபணுக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வைரஸின் உடலைக் கட்டும் மரபணுக்களை நீக்கிவிட்டு, அங்கே கொரோனா வைரஸின் மேலிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கான குறிப்பை வைக்கிறார்கள். உடல் இல்லாத வைரஸ் பக்கத்துச் செல்லுக்கே போகாது. அடுத்தவர் மூக்குக்கு எப்படிப் போகும்?

செல்லுக்குள்ளேயே நகல் எடுப்பதால் மருந்து குறைவாகப் போதும். 2023 நவம்பரில் ஜப்பான் அனுமதித்த ஊசியில் 5 மைக்ரோகிராம்தான்; வழக்கமான ஃபைசர் ஊசியில் 30. நகலெடுக்கும்போது இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகும். செல் அதை வைரஸ் என்று எண்ணி இன்டர்ஃபெரான் என்ற தற்காப்புப் புரதத்தைச் சுரந்து, புரத உற்பத்தியை அடக்கிவிடும். நிற்காமல் போகுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். சீக்கிரமே அடங்கிவிடுகிறதே என்பதுதான் இதைத் தயாரிப்பவர்களின் தலைவலி.

சரி, உங்களைப் பயமுறுத்திய அந்தச் செய்தியைக் கடைசிவரை படித்தீர்களா? இப்படிப்பட்ட சில பதிவுகளின் அடியில் 'தடுப்பூசி நச்சு நீக்கும்' பொடிக்கோ மாத்திரைக்கோ ஓர் இணைப்பு இருக்கும். ஒரு காசு கொடுக்காதீர்கள். செல்லுக்குள் இருக்கும் ஆர்என்ஏவை எந்தப் பொடியும் தேடிப்போய் எடுக்காது. 'பரிசோதனைக் கட்டத்திலேயே ஊசி வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்' என்கிற தரகர்களும் உண்டு. முறையான ஆய்வில் தன்னார்வலரிடம் ஊசிக்குப் பணம் வாங்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள். ஆர்என்ஏவைப் பொதிந்திருக்கும் கொழுப்புத் துகளில் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் இருக்கும். பல மாத்திரைகளின் மேல்பூச்சில் இதே பொருள் 'மேக்ரோகால்' என்ற பெயரில் இருக்கும். மலச்சிக்கலுக்கோ, குடல் பரிசோதனைக்கு முன்போ கரைத்துக் குடிக்கும் மருந்துகளிலும் உண்டு. அப்படி எதையாவது குடித்தபின் உங்கள் மாமியாருக்கு முகம் வீங்கியதா, மூச்சுத் திணறியதா? ஆம் என்றால் ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்காமல் ஊசிக்குப் போகாதீர்கள். தும்மல், தூசி அலர்ஜி எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

இதையெல்லாம் ஊசி போடும் இடத்தில் கேட்பார்கள் என்று நம்பிப் போகவேண்டாம். படிவத்தில் 'ஒவ்வாமை உண்டா' என்று ஒரே வரிதான் இருக்கலாம். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் 'இல்லை' என்று குறித்துவிடவும் கூடும். பழைய மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோய், நீங்களாகவே சொல்லுங்கள்.